ஆறு மீனுக்கு இரண்டு பல்பு

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று என் மனைவி இருசம்மாள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். என்னுடைய காரணம் ஆறு தங்கமீன்கள். அவையும் என்னுடையவை அல்ல, அரியலூர்ப் பண்ணை வேணுகோபாலுடையவை.

நாற்பத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். ஊருக்குக் கரண்டு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கரண்டு கம்பெனியில் நான் வயர்மேன். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, பெங்களூரில் மின்சார வேலை பழகி, அஸ்ஸாம் காடுவரை கம்பி இழுத்துவிட்டு வந்தவன். என் அப்பன் தர்மன், சாகிற வரைக்கும் வேணுகோபாலின் நிலத்தில் ஏர் பிடித்தார். அவரை 'ஆண்டே' என்று கூப்பிட்டார். நான் 'சார்' என்று கூப்பிட்டேன். அதுவும் என் காக்கிச் சட்டையும் அந்த மனுஷனை உறுத்திக்கொண்டே இருந்தன.

“அவன் அப்பன் ஏர்ல புடிச்ச மேழி இன்னும் கொட்டாயிலதான் சாத்தியிருக்கு. இன்னைக்கில்லாட்டி நாளைக்கி வந்து புடிப்பான்” என்று கடைத்தெருவில் வைத்தே சொல்லியிருக்கிறார். சொன்னதோடு நிற்கவில்லை. கம்பெனியின் புகார்ப் புத்தகத்தில் என்மேல் இரண்டு புகார் எழுதியிருந்தார். ஒன்று, தெருவில் அவர் வரும்போது நான் ஏணியிலிருந்து இறங்கவில்லை என்பது. கம்பத்தின் உச்சியில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பவன் எப்படி இறங்குவான்?

அந்த வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் இளையபெருமாள் என்னைக் கூப்பிட்டார்.

“பண்ணை வூட்டு மீன்தொட்டிக்கு லைட்டு சரியில்லையாம். நாளைக்கி சாயந்தரம் பொண்ணு பாக்க வராங்களாம். போயி சரி பண்ணிட்டு வா.”

“அந்த வூட்டுக்குள்ள என்னைய விடமாட்டாங்க சார். பெரிய வயர்மேன அனுப்புங்க.”

“அவரு பெரம்பலூர்ல லைன் இழுக்கப் போயிருக்காரு. நீதான் போவணும். இங்க பாரு ராமலிங்கம், ஏற்கெனவே ஒம்மேல ரெண்டு புகார் கெடக்கு. மூணாவது வந்துச்சுன்னா என்னால ஒன்னும் பண்ண முடியாது. சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட வேண்டியதுதான்.”

சட்டையைக் கழற்றினால் எனக்குப் போக வேறு இடம் கிடையாது. நேராக அந்த மேழிதான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேணுகோபாலுக்கு எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

அந்தத் தொட்டி, ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் விற்றுவிட்டுப் போனது. இரும்புச் சட்டம் போட்ட நாலடிக் கண்ணாடி. மதராசிலிருந்து கணக்குப்பிள்ளை ஒரு மண்பானையில் பத்துத் தங்கமீன்களை ரயிலில் கொண்டுவந்து, ஆறை உயிரோடு சேர்த்தார். அந்த ஆறுக்கும் வேணுகோபால் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதலில் பக்கத்தில் பெட்ரோமாக்ஸைத் தொங்கவிட்டார். சூட்டுக்கும் இரைச்சலுக்கும் பயந்து மீன்கள் கல்லுக்கடியில் ஒளிந்துகொண்டன. பிறகு தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தி வெயிலில் வைத்தார். தண்ணீர் பச்சையாகிவிட்டது. கடைசியில் தொட்டியைக் கூடத்து நடுவுக்குக் கொண்டுபோய், பின்பக்கம் ஒரு நூறு வாட்ஸ் பல்பை எரியவிட்டார். காலையிலிருந்து ராத்திரி வரை எரிந்தது. வெளிச்சம் அதிகமானால் கௌரவம் அதிகம் என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.

நான் போனபோது வேணுகோபால் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி கமலவேணி உள்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அங்கியே நில்லு” என்றார் வேணுகோபால். “ஜன்னல் வழியா பாத்துச் சொல்லு. வைரக்கண்ணு செய்வான்.”

வைரக்கண்ணு அவர் வீட்டு வேலைக்காரன். கூடத்துக்குள் போகலாம் என்ற ஜாதி. ஆனால் பல்பைக் கண்டாலே நடுங்குகிறவன்.

நான் தெருவில் நின்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கீரை கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. அதன் பின்னால் பல்பு எரிந்தது. மீன்கள் கறுப்பு நிழலாக நகர்ந்தன. தங்கமீனைக் கரிக்கட்டையாகக் காட்டுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

“சார், வெளக்கு பின்னாடி இருக்கக் கூடாது. முன்பக்கம், மேலேருந்து விழணும். மீன் மேல பட்டு நம்ம பக்கம் திரும்பினாத்தான் மினுங்கும். நூறு வாட்ஸ் வேண்டாம், இருபத்தஞ்சு ரெண்டு போதும். மேல ஒரு தகரக் கூடு, உள்ளாற சுண்ணாம்பு அடிச்சது. தண்ணிக்கும் பல்புக்கும் நடுவுல ஒரு கண்ணாடி. சாயந்தரம் ஆறு மணிக்குப் போட்டா பத்து மணிக்கு அணச்சிடணும். நாள் பூரா எரிஞ்சா பாசி புடிக்கத்தான் செய்யும்.”

“நூறு குடுத்தும் இருட்டா இருக்கு. இருபத்தஞ்சுல என்னடா தெரியும்? மாப்ள வூட்டுக்காரங்க தெரு முனையில வரும்போதே பளிச்சுன்னு தெரியணும்.”

“பல்பு தெரியணுமா, மீன் தெரியணுமா சார்?”

கமலவேணி சட்டென்று என்னைப் பார்த்தார். வேணுகோபாலின் காது சிவந்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

“டேய் வைரக்கண்ணு, அந்தக் கல்ல நவுத்திட்டு பல்பக் கழட்டுடா” என்றார்.

“மொதல்ல ஸ்விட்ச அணைங்க. பல்பு ஆறட்டும். கைய நல்லாத் தொடச்சிக்க” என்று நான் தெருவிலிருந்து கத்தினேன். வைரக்கண்ணு தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுத்தான், உதறினான். உதறிய தண்ணீர் சூடான பல்பின்மேல் விழுந்தது. பட்டென்று வெடித்துச் சிதறியது. அவன் தரையில் உட்கார்ந்து, பிறகு எழுந்து, “எனக்குப் புள்ளகுட்டி இருக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டான். பல்பைத் தொட அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் வரவில்லை.

வீட்டில் அதைத் தொட வேறு ஆள் இல்லை. வேணுகோபாலே தொடலாம்தான். ஆனால் அவருக்கும் பிள்ளைகுட்டி இருந்தது.

அரைமணி நேரம் என்னை வெயிலில் நிற்கவைத்தார்கள். உள்ளே குடங்களையும் பாத்திரங்களையும் அப்புறப்படுத்தும் சத்தம் கேட்டது. பிறகு பக்கவாசல் வழியாக வரச் சொன்னார்கள். காலைக் கழுவச் சொன்னார்கள். கழுவினேன். என் அப்பன் அறுபது வருஷம் உழைத்தும் பார்க்காத கூடத்தில் நான் நடந்தேன். சிவப்புத் தரை குளுகுளுவென்று இருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. எட்டி உதைக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் நினைவில் நிற்காது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கூடு செய்தேன். உட்புறம் சுண்ணாம்பு பூசினேன். கரண்டை அணைத்தாயிற்று என்று சொன்ன பிறகு வைரக்கண்ணு கொட்டகையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, தண்ணீரில் பாதியை மாற்றிக் கொடுத்தான். இரண்டு பல்பையும் முன்சட்டத்தின் மேல், உள்பக்கம் சாய்த்துப் பொருத்தினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

ஆறு மீன்களும் அப்போதுதான் பிறந்தவைபோல் இருந்தன. செதில் செதிலாகத் தெரிந்தது. திரும்பும்போது பொன்னாகவும் நேராக நிற்கும்போது செம்பாகவும் நிறம் மாறின. வேணுகோபால் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் திறந்தார். யாருக்குச் சொல்லப்போகிறோம் என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் எரியவிட்டுச் சூடு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பெங்களூரில் எங்கள் கேப்டன் பங்களாவிலிருந்த மீன்தொட்டிக்கு விளக்குப் போட்டபோதும் அப்படித்தான் செய்தேன். பழக்க தோஷம். முழுக்கையை மடித்து, மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டேன். சூடு ஏறவே இல்லை.

கையை எடுத்தபோது கமலவேணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.  எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் கம்பெனிக்கு ஆள் வந்தது. ஆறு மீனும் செத்துவிட்டன, வயர்மேனையும் புகார்ப் புத்தகத்தையும் கொண்டு வா என்று. இளையபெருமாள் புத்தகத்தோடு முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன்.

இந்தத் தடவையும் எனக்கு ஜன்னல்தான். சூப்பர்வைசர் உள்ளே போனார். மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

“ஒங்க கம்பெனி ஆளு போட்ட லைட்டு. சூட்டுல வெந்து போச்சு. எழுதிக்கய்யா” என்றார் வேணுகோபால். குரலில் வருத்தம் இருந்த அளவுக்குத் திருப்தியும் இருந்தது.

“சார்” என்றேன் ஜன்னலிலிருந்து. “தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?”

இளையபெருமாள் குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார். கமலவேணிதான் சொன்னார்.

“கண்டவன் கைய வுட்ட தண்ணிய நடுவூட்ல வெச்சிருக்க முடியுமா? அத்தனையும் எறச்சிக் கொட்டிட்டு மஞ்சளும் கோமியமும் கரச்சி ஊத்தினோம். மஞ்சளும் கோமியமும் எந்த உசுரக் கொன்னுருக்கு?”

ஆறு உயிரைக் கொன்றிருந்தது. அவை அவர் கண்முன்னாலேயே மிதந்தன. அதைச் சொல்ல வேண்டியவர் இளையபெருமாள். அவர் புத்தகத்தை விரித்து, பேனாவைத் திறந்து, 'விளக்குச் சூட்டினால்' என்று எழுத ஆரம்பித்தார். அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த வெறுப்பு வேணுகோபால்மேல்கூட வந்ததில்லை. வேணுகோபால் எனக்கு எதிரி. இவர் எல்லாம் தெரிந்த மனுஷன்.

என் சட்டை போக இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“சாயந்தரம் மாப்ள வூட்டுக்காரங்க வராங்களே சார். காலித் தொட்டியவா காட்டப் போறீங்க?”

 மீன்தொட்டியைப் பற்றி வேணுகோபால் திருச்சி மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தார் என்பது ஊருக்கே தெரியும். சம்பந்தியாகப் போகிறவர் கதர்க்காரர், பெரிய வக்கீல். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர். அவர் வருகிறார் என்பதற்காக வேணுகோபாலே கதர்த்துண்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

“எங்க தெருக் குட்டையில கெண்டக் குஞ்சு இருக்கு. கொண்டாந்து விடறேன். இதே லைட்டு எரியட்டும். ஆறு மணிக்குள்ள ஒரு குஞ்சு செத்தாலும் நானே சட்டையக் கழட்டிட்டு வந்து ஒங்க மேழியப் புடிக்கிறேன். சாவலன்னா வெளக்குல குத்தமில்லன்னு அந்தப் புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

“ஏரியில புடிக்கச் சொல்றேன். ஒன் குட்ட எதுக்கு?”

“ஏரி வத்திப்போயி மாடு மேயுது சார். இப்ப ஊர்ல தண்ணி கெடக்கறது எங்க குட்டையிலதான். இன்னொன்னு. குஞ்சு எங்க தண்ணியோடதான் வரும். வேற தண்ணியில விட்டா இதுங்க மாதிரிதான் மெதக்கும்.”

“மீன மட்டும் வடிகட்டிப் போடுடா.”

“போடலாம். ஆறு மணிக்கு நீங்களே வடிகட்டி எடுத்துக்கலாம்.”

கமலவேணி, “வேண்டவே வேண்டாம். தொட்டிய ஒடச்சிப் போடுங்க” என்றார். வேணுகோபால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி. தொட்டியைப் பார்த்தார். மேழியை நினைத்திருப்பார்.

“கொண்டா” என்றார்.

வீட்டுக்குப் போய் இருசம்மாளிடம் சொன்னேன். அவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அவங்க கெணத்த எட்டிப் பாத்தாலே கல்லால அடிப்பாங்க. அவங்க வூட்டு மீனுக்கு நம்ம தண்ணியா?”

“அதுக்காவத்தான்” என்றேன்.

 அவள் பக்கத்து வீட்டுக் குடத்தையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் குடத்தோடு போனபோது பக்கவாசல் சாத்தியிருந்தது. பின்கட்டில் விருந்துச் சமையல். சமையல்கட்டைத் தாண்டி எங்கள் குட்டைத் தண்ணீர் போகக் கூடாதாம். அப்படியானால் மிச்சமிருப்பது தலைவாசல்தான். இதை யோசித்துக் கண்டுபிடித்தது அவர்களே. நானும் இருசம்மாளும் தலைவாசல் வழியாகப் பன்னிரண்டு நடை நடந்தோம். தெருவே நின்று பார்த்தது. மஞ்சள் போகத் தொட்டியைக் கழுவி, குடம் குடமாக ஊற்றி, கடைசிக் குடத்தோடு நாற்பது கெண்டைக் குஞ்சுகளையும் விட்டேன்.

விளக்கைப் போட்டதும் ஒரு தொல்லை. தங்கமீனுக்குச் சரியாக இருந்த வெளிச்சம் கெண்டைக்கு அதிகமாகப் போனது. வெள்ளி உடம்பு, வெளுத்துப்போய்ச் சுண்ணாம்புத் துண்டுபோலத் தெரிந்தது. வேணுகோபாலைக் கேட்டுக்கொண்டுதான் ஒரு பல்பைக் கழற்றினேன். பின்கண்ணாடியில் கருநீலத் தாள் ஒட்டினேன். இப்போது நாற்பதும் ஒன்றாகத் திரும்பும்போது தொட்டி முழுக்க மின்னியது. செத்துப்போன மதராஸ் மீன்களுக்கு இதில் கால்வாசி அழகுகூட இல்லை. கமலவேணிகூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெளிய போ” என்றார் வேணுகோபால்.

ஆறு மணி வரைக்கும் நானும் இளையபெருமாளும் ஜன்னலோரம் நின்றோம். அவர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். நான் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று மேலே வந்து வாயைத் திறந்தால் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்தினேன். அது மறுபடி கீழே போன பிறகுதான் அடுத்ததை எண்ணினேன்.

ஐந்தரை மணிக்கு இரண்டு கார் வந்தது. கதர் ஜிப்பா போட்ட வக்கீல், நாற்காலியில் உட்காராமல் நேராகத் தொட்டிக்குத்தான் போனார்.

“அட, நம்ம ஊர்க் கெண்டை. இதப் போயி இவ்வளவு அழகா யாரும் பாத்துருக்க மாட்டாங்க. லைட்டுதான் பிரமாதம். யார் போட்டது?”

ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவே பத்தடி இருக்கும். 

“திருச்சியிலேருந்து ஸ்பெஷலா ஆள வரவழச்சேன்” என்றார் வேணுகோபால்.

இளையபெருமாள் தரையைப் பார்த்தார்.  கம்பத்தில் ஏறி அந்த வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கிவிட ஒரு நிமிஷம் போதும். பிடுங்கினால் மேழிதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கிக்கொண்டன. வக்கீல் எட்டி எட்டிப் பார்த்தார். வேணுகோபாலுக்குப் பொறுக்கவில்லை. “இதோ பாருங்க, வெளிச்சத்துக்கு வரவழைக்கிறேன்” என்று கதர்த்துண்டைத் தோளில் தள்ளிவிட்டு, வலது கையை மணிக்கட்டுவரை தண்ணீருக்குள் விட்டுக் கலக்கினார். நாற்பதும் சிதறி விளக்கடியில் பாய்ந்தன. வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மயங்கி, இவர் இன்னொரு தடவை கலக்கினார்.

அதே நேரத்தில் பலகாரத் தட்டு வந்தது. கமலவேணிதான் கொண்டுவந்தார். வேணுகோபால் ஈரக் கையைக் கதர்த்துண்டில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் ஒரு கவளம் கேசரியை எடுத்து வாயில் போட்டார். பிறகு ஒரு பஜ்ஜி. விரலை நக்கினார்.

 கமலவேணி ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையிலிருந்த ஈரம் எந்தத் தண்ணீர் என்பதைக் கவனித்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். வாய் திறந்தால் வக்கீலுக்குத் தெரியும், மகளின் சம்பந்தம் போகும். அவர் தட்டை நீட்டியபடி நின்றார், புருஷன் இன்னொரு பஜ்ஜி எடுத்தார். நேற்று என் கையைப் பார்த்த அதே கண்கள். நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, ஆனால் அவர் பார்க்கும்படியாகச் சிரித்தேன்.

ஆறு மணிக்கு வேணுகோபால் வாசலுக்கு வந்து, 'விளக்கில் குற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது புகார் அடிபட்டுப்போனது.

“நீ இந்த வாசல்ல இன்னொரு தடவ கால் வெச்சேன்னா தெரியும் சேதி” என்றார் மெதுவாக, உள்ளே கேட்காதபடி.

“ஃப்யூஸ் போனா கூப்புடுவீங்க சார்” என்றேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது அந்த வீட்டுச் சாக்கடையில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. நாற்பது குஞ்சும் அதிலேயே வந்து கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன.  வீட்டைப் பார்த்தேன். கூடத்தையும் தலைவாசலையும்கூடக் கழுவியிருந்தார்கள்.

பண்ணையார் வயிற்றை எதைக் கொண்டு கழுவினார்கள் என்றுதான் தெரியவில்லை.